லிங்க் அனுப்பினால் சேர்த்தாச்சா?

"அன்பான உறவுகளே! உங்களிடம் இருக்கும் பழைய படங்கள், சஞ்சிகைகள், கடிதங்கள் அனைத்தையும் கீழே உள்ள லிங்கில் ஏற்றிவிடுங்கள். கடைசித் திகதி வரும் ஞாயிறு. தயவுசெய்து பத்துப் பேருக்காவது பகிரவும்."

இந்த மெசேஜ் உங்கட போனிலயும் கிடக்கும். பழைய மாணவர் சங்கத்தின் மலராக இருக்கலாம், கோயில் கும்பாபிஷேக மலராக இருக்கலாம், ஒரு நாடகக் குழுவின் ஐம்பதாவது ஆண்டாக இருக்கலாம். 'எங்கட வரலாற்றை நாங்களே எழுதுவம்' எண்டு வெளிக்கிட்ட எங்களைப்போல ஒரு இளைஞர் கூட்டமாகவும் இருக்கலாம். கீழே நீல நிறத்தில் ஒரு டிரைவ் லிங்க். தொட்டால் ஒரு போல்டர் திறக்கும். உள்ளே இருநூறு, முந்நூறு கோப்புகள். யாரோ ஒருவரின் அப்பப்பாவின் கல்யாணப் படம். அதுக்குப் பக்கத்தில் ஆரோ தவறுதலாக ஏற்றின கரண்ட் பில். அதுக்குக் கீழே ஒரே குழுப்படம் நாலு தரம்.

லிங்கை அனுப்பினவர் இரண்டு கிழமை கழித்துக் கூட்டத்தில் சொல்லுவார்: "எங்கட ஆக்கள் ஒத்துழைக்கிறேல்லை. ஒரு லிங்கைத் தொட்டு ஏத்திவிடக்கூடப் பஞ்சி."

இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது. அந்த வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோப்பை ஏற்றச் சொல்லிக் கேட்பது சேகரிப்பு இல்லை. ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்கினால், வாங்கின நிமிசத்தில் இருந்து பொறுப்பு வாங்கினவருக்கு. லிங்க் செய்கிற வேலை அந்தப் பொறுப்பை மறைத்துவிடுவது. கொடுத்தவர் 'குடுத்தாச்சு' எண்டு நினைக்கிறார். வாங்கினவர் 'கிளவுட்டில கிடக்கு' எண்டு நினைக்கிறார். இரண்டு பேரும் நிம்மதியாக நித்திரை கொள்ளுகினம். படம் மட்டும் இல்லாமல் போகுது.

ஒரு குழுப்படம்

2021. கொரோனாவால் வீட்டுக்கு வீடு போக முடியாத காலம். கொழும்பில் ஒரு பாடசாலையின் ஆண்டு மலருக்காகப் படம் சேர்க்கிற வேலை எங்கள் நாலைந்து பேரிடம் வந்தது. நான் வெள்ளவத்தையில், மற்றவர்கள் வத்தளையிலும் தெகிவளையிலும். ஒரு டிரைவ் போல்டர் திறந்து, 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று போட்டு, வட்ஸ்அப் குழுக்களில் விட்டோம். பத்து நாளில் நானூறு கோப்பு. எங்களுக்குப் பெரிய புளுகம்.

கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மனைவி இருந்தார். 83இல் அவர்களின் வீடு எரிந்தது, அல்பங்களும் எரிந்தன. மிஞ்சினது ஒரேயொரு படம். எழுபதுகளில் எடுத்த ஆசிரியர் குழுப்படம். அந்த நேரம் அது சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கினபடியால் தப்பியது. அன்ரியோடு போனில் கதைத்தேன். "இத யாரு பாப்பாங்க தம்பி?" என்று கேட்டார். "மலருக்குத்தான் அன்ரி, பேரனிட்டச் சொல்லி லிங்கில ஏத்திவிடுங்கோ" என்றேன். பேரன் பிறேமோடு வைத்துப் போனில் எடுத்து ஏற்றினான். நல்ல தெளிவான படம். நான் போய் எடுக்கவில்லை. ஊரடங்கு எடுத்த பிறகும் போகவில்லை. ஏன் போகவேணும், அதுதான் கிளவுட்டில் கிடக்கே?

மலர் இழுபட்டு இழுபட்டு 2024இல்தான் அச்சுக்குப் போனது. போல்டரைத் திறந்தால் நானூறில் நூற்றுச் சொச்சத்தைக் காணவில்லை. அதில் அன்ரியின் படமும் ஒன்று. விசாரித்தால், பேரனின் ஜிமெயில் நிரம்பி மெயில் வராமல் நின்றதாம். அவன் தன்ர டிரைவைத் துப்புரவாக்கியிருக்கிறான். பிழை அவனில் இல்லை. அவன் தன்ர வீட்டைக் கூட்டினான், எங்கட அலுமாரி காலியாகிவிட்டது.

மூலப்படத்தைத் திரும்ப எடுக்கலாம் என்று அப்போதுதான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மூன்று வருசத்தில் ஈரம் குடித்துப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. யாரோ கழற்றப் பார்த்து, முகங்கள் உரிந்து கண்ணாடியில் நின்றன. மிஞ்சினது அன்ரி ஒருமுறை சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பின சின்னப் பிரதி. அதைத்தான் மலரில் போட்டோம், முத்திரை அளவில். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். "இதுல அவரு எதுன்னு தெரியல்லையே தம்பி" என்றார்.

இதுக்கு நான் ஒரு கம்பனியையும் குற்றம் சொல்லவில்லை. டிரைவ் எப்படி வேலை செய்யும் என்று எழுதிவைத்திருக்கிறார்களோ, அப்படியே வேலை செய்தது. நாங்கள்தான் வாசிக்கவில்லை.

போல்டருக்குள் என்ன நடக்குது?

சாதாரண கூகுள் கணக்கில் நீங்கள் ஒரு போல்டர் திறந்து பகிர்ந்தால், போல்டர் உங்களுடையது. அதுக்குள் மற்றவர் ஏற்றுகிற கோப்பு உங்களுடையது இல்லை. அது ஏற்றினவருடையது. இடமும் அவருடைய கணக்கில்தான் கழியும். அவர் அதை அழித்தால் உங்களிடமும் இருக்காது. குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், பிறகு தானாக அழியும். அவருடைய கணக்கே மூடப்பட்டாலும் இதே கதைதான். இரண்டு வருசம் பாவிக்காத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரில் இருந்து அழிக்கத் தொடங்கிவிட்டது. மலருக்காக அப்பாவின் பெயரில் புதுசாக ஒரு ஜிமெயில் திறந்து, படத்தை ஏற்றிவிட்டு, பாஸ்வேர்டையும் மறந்துபோன குடும்பங்கள் எத்தனை எண்டு உங்கட குழுவிலயே கேட்டுப் பாருங்கோ.

இலவசக் கணக்கில் கிடைக்கிறது 15 ஜிபி. அதுவும் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஒரு ஏ4 தாளை 600 டிபிஐயில் நிறத்தில் ஸ்கேன் செய்து சுருக்காமல் வைத்தால் கிட்டத்தட்ட 100 எம்பி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 150 தாளோடு கணக்கு நிரம்பிவிடும். நூறு வருசத்துப் பாடசாலை வரலாற்றுக்கு 150 தாள்.

'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்பதன் அர்த்தம் என்னவென்று யோசித்திருக்கிறோமா? வாசலில் ஒரு மேசையைப் போட்டு, ஊரில் உள்ள எல்லாருடைய அல்பங்களையும் அதில் வைத்து, 'பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம்' என்று எழுதிவிட்டு உள்ளே போய்ப் படுக்கிற மாதிரி. ஒருவர் நல்லெண்ணத்தில் 'ஒழுங்குபடுத்துறன்' எண்டு போல்டர்களை இழுத்துப்போட்டால் மற்றவர்களின் படம் எங்கே போனதென்று கண்டுபிடிக்க ஒரு நாள் வேணும்.

இதுக்கு வேறு வழி இருக்கு, புதுசும் இல்லை. ட்ரொப்பொக்ஸ் 2015இலேயே 'கோப்புக் கோரிக்கை' என்ற வசதியைக் கொண்டுவந்தது. அது கோயில் உண்டியல் மாதிரி: போடலாம், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஏற்றுகிறவருக்குக் கணக்கே தேவையில்லை. பெயரையும் ஈமெயிலையும் கொடுத்துக் கோப்பைப் போடுவார். மற்றவர்கள் போட்டது அவருக்குத் தெரியாது. வந்து சேர்வது கேட்டவரின் கணக்கில், கேட்டவரின் இடத்தில். கூகுள் ஃபோமில் கோப்பு ஏற்றுகிற கேள்வி ஒன்றைப் போட்டாலும் கோப்பு ஃபோம் உரிமையாளரின் டிரைவுக்குத்தான் வரும், ஏற்றினவரின் பெயரும் கோப்போடு வரும். ஆனால் அதுக்கு ஏற்றுகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேணும். எழுபது வயது அம்மம்மாவுக்கு அது ஒரு மதில்.

ட்ரொப்பொக்ஸின் இலவச இடம் 2 ஜிபிதான். அதனால் இந்தப் பெட்டி ஒரு வாசல், களஞ்சியம் இல்லை. வந்ததை வந்த கிழமையே எடுத்து வேறிடத்தில் வைக்கவேணும். ஆராவது ஒருவர் அதுக்கெண்டு இருக்கவேணும். நாங்கள் திறந்த போல்டரை விரும்புவதற்குக் காரணம் அது நல்லது என்பதல்ல. அதில் ஒருத்தரும் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பதுதான்.

வட்ஸ்அப்பைப் பற்றியும் ஒரு சொல். படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும், எடுத்த திகதி போன்ற உள்விபரங்களையும் உதறிவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். இந்த ஒரு வரியை மெசேஜில் சேர்த்திருந்தால் எங்கட மலரில் பாதிப் படங்கள் பொரிந்துபோயிருக்காது. இதைப்போலத்தான் பாமினியும். ஐயா ஒருவர் இரவிரவாக இருந்து தட்டச்சுச் செய்த கட்டுரை வந்து சேரும், திறந்தால் ஆங்கில எழுத்துக் கொத்து. எழுத்துருவை மாற்றினால் இரண்டு நிமிச வேலை. ஆனால் 'கோப்புப் பழுது' எண்டு ஒதுக்கிவிட்டு, 'மூத்த ஆக்கள் கட்டுரை தரேல்லை' எண்டு எழுதுகிறோம்.

"யாரு பாப்பாங்க?"

அன்ரியின் அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதை ஒரு வயதானவரின் பயமாக நினைத்தேன். இப்போது அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேணும் என்று படுகிறது.

கொழும்புத் தமிழருக்குப் பெயரையும் முகவரியையும் படத்தையும் எழுதிக் கொடுப்பது புதுசில்லை. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கினம், எந்த ஊர், என்ன காரணத்துக்காக வந்தவை என்று பொலிசில் பதிவது வாழ்க்கையின் ஒரு பகுதி. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் 370 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. இதைப் பார்த்த ஒரு தலைமுறை 'லிங்கில் ஏத்துங்கோ' என்ற உடனே ஏற்றாமல் யோசித்தால் அது பஞ்சி இல்லை. அது அனுபவம்.

ஒரு குழுப்படத்தில் இருபது முகம். அதில் ஒருவர் காணாமல் போனவராக இருக்கலாம். ஒருவர் வேறு பெயரில் வேறு நாட்டில் இருக்கலாம். ஒருவருக்குத் தன் பழைய வாழ்க்கை பொதுவில் வருவது விருப்பமில்லாமல் இருக்கலாம். படத்தைத் தந்தவர் அந்த இருபது பேர் சார்பில் தரவில்லை. நாங்கள் அந்தப் படத்தைத் திறந்த லிங்கில் போட்டு, லிங்கை இருநூறு பேர் உள்ள குழுவில் விட்டால், அதைப் பார்த்தது யார் என்று எங்களுக்கே தெரியாது. அன்ரியின் கேள்விக்கு நேர்மையான பதில் 'தெரியாது அன்ரி' என்பதுதான். அதைச் சொல்லியிருந்தால் அவர் தந்திருப்பாரா?

2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. ஒரு மலர்க் குழுவுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வழக்கறிஞர்கள் சொல்லட்டும். ஆனால் அதன் அடிப்படை எளிமையானது: எதுக்குக் கேட்கிறாய் எண்டு சொல்லு, அதுக்கு மட்டும் பாவி, தேவைக்கு மேல் வைத்திராதே. இது சட்டம் வந்துதான் எங்களுக்குத் தெரியவேணுமா? பக்கத்து வீட்டில் இடியப்பத் தட்டு இரவல் வாங்கினாலே எப்ப திருப்பித் தருவன் எண்டு சொல்லித்தானே வாங்குறம்.

செய்து காட்டினவை

'இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் சரி' என்று சொல்லாதீர்கள். 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளம் பெரிய நிறுவனமாகத் தொடங்கவில்லை. தன்னார்வலர்களின் உழைப்பில்தான் அது வளர்ந்தது. இன்று அதில் ஒரு பழைய சஞ்சிகையைத் தேடிப் போனால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் இருக்கும், ஆசிரியர், பதிப்பு, ஆண்டு என்று ஒரு பக்கம் இருக்கும். எங்கட டிரைவ் போல்டருக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் காசு மட்டுமில்லை. அங்கே ஒரு கோப்பு வந்தால் அதை ஆரோ திறந்து பார்த்து, இது என்ன என்று எழுதியிருக்கிறார்கள். எங்கட போல்டரில் அது ஐஎம்ஜி, ஒரு கோடு, எட்டு இலக்கத் திகதி, டபிள்யூஏ இருபத்தேழு.

அந்தப் பெயரோடு இருக்கிற படம் பாதி செத்த படம். இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் ஆர் எண்டு சொல்லக்கூடியவருக்கு இப்போது எண்பது வயது. அவர் போன பிறகு கோப்பு பத்திரமாக இருந்தும் பிரயோசனம் குறைவு.

வெளியில் இருந்தும் ஒரு உதாரணம். 2008இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் முதலாம் உலகப் போர் பற்றிப் பொதுமக்கள் வீட்டில் வைத்திருந்த கடிதங்கள், படங்கள், பொருட்களைச் சேர்த்தது. மார்ச்சில் இருந்து ஜூன் வரை சில மாதங்களில் 6,500க்கு மேற்பட்டவை சேர்ந்தன. இணையத்தில் ஏற்றுகிற வசதி அதில் இருந்தது. ஆனால் அதோடு அவர்கள் நிற்கவில்லை. ஊர் நூலகங்களில் நாள் குறித்து, மேசை போட்டு இருந்தார்கள். மக்கள் பெட்டிகளில் கொண்டுவந்ததை அங்கேயே படமெடுத்து, கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு, பொருளைக் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு 2011இல் ஜேர்மனியில் தொடங்கி ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இதே முறை பாவிக்கப்பட்டது. பணமும் இயந்திரமும் உள்ள பல்கலைக்கழகமே லிங்கை மட்டும் நம்பவில்லை. நாங்கள் மட்டும் ஏன் நம்பினோம்?

இன்னொரு பக்கமும் சொல்லவேணும். 'அமெரிக்கக் கம்பனியிடம் கொடுத்ததுதான் பிழை, எங்கட சொந்த சேர்வரில் வைத்திருக்கவேணும்' என்று சில நண்பர்கள் வருவினம். 2023 ஓகஸ்டில் எங்கட அரசாங்கத்தின் சொந்தக் கிளவுட்டில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதி இருக்கவில்லை. ஆரின்ர கொம்பியூட்டர் என்பதல்ல கேள்வி. இரண்டாவது பிரதி எங்கே, அதுக்கு ஆர் பொறுப்பு என்பதுதான்.

இது எங்களுக்குப் புதுப் பாடமா? 1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 அளவான நூல்கள் போயின. அதில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அந்த நெருப்பைப் பற்றி ஒவ்வொரு வருசமும் நாங்கள் பதிவு போடுகிறோம். போட்டுவிட்டு, ஊரில் மிஞ்சின படங்களை ஒரே ஒரு இளைஞரின் ஜிமெயிலில் ஒரே ஒரு பிரதியாக வைக்கிறோம். அவர் அடுத்த மாதம் மெல்பேர்னுக்குப் போகிறார்.

"நாங்கள் தொண்டர்கள், நேரமில்லை"

இந்தப் பதில் வரும். எனக்குத் தெரியும், நானும் வேலை முடித்துக் காலி வீதி ட்ரபிக்கில் நின்று வீடு வந்து சேர எட்டு மணி. "ஒண்டுமில்லாததுக்கு ஒரு போல்டராவது இருக்கட்டுமே" என்பது நியாயமாகத்தான் கேட்கும்.

ஆனால் ஒன்றுமில்லாததை விட அரைகுறைச் சேகரிப்பு மோசமாக முடியும். ஒருத்தரும் கேட்காமல் இருந்திருந்தால் அன்ரி அந்தப் படத்தைக் கவனமாக வைத்திருப்பார். வேறு ஒருவர் வந்து ஒழுங்காக ஸ்கேன் செய்திருக்கலாம். நாங்கள் கேட்டு வாங்கினபடியால் 'பிள்ளையள் எடுத்துவிட்டாங்கள், இனிப் பயமில்லை' என்று அவர் நினைத்தார். அதுக்குப் பிறகு கேட்டவருக்கும் 'அது மலர்க்காரரிட்ட இருக்கு' எண்டுதான் பதில். ஒருதரம் கொடுத்துக் காணாமல் போன வீட்டில் இரண்டாம்தரம் படி ஏறிப் பாருங்கள், கதவு எவ்வளவு தூரம் திறக்குது எண்டு தெரியும்.

நேரமில்லை என்றால் குறைவாகக் கேட்போம். 'அனைத்தையும் ஏற்றவும்' என்ற சொல்லே பேராசை. நானூறு கோப்பை வாங்கி நூற்றைத் தொலைப்பதை விட, நாற்பது படத்தை வாங்கி நாற்பதையும் பெயரோடும் கதையோடும் வைத்திருக்கலாம்.

இனி இப்படி ஒரு லிங்க் என் போனுக்கு வந்தால் நான் மூன்று கேள்வி கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள். இதை ஆர் பார்ப்பினம், எதுக்குப் பாவிப்பீங்கள்? இரண்டாவது பிரதி எங்கே இருக்கும், ஆற்ற பொறுப்பில? பிறகு நான் 'வேண்டாம்' எண்டால் எடுப்பீங்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஏற்றமாட்டேன். அதுக்குப் பெயர் ஒத்துழையாமை என்றால் அப்படியே இருக்கட்டும்.

கேட்கிற பக்கத்தில் நாங்கள் நின்றால், செய்யவேண்டியது இவ்வளவுதான். லிங்குக்கு முதல் நாலு வரி எழுதுங்கள்: ஆர் கேட்கிறம், எதுக்கு, ஆர் பார்ப்பினம், ஆரோடு கதைக்கலாம். ஒருவரின் சொந்த ஜிமெயிலில் திறக்காமல் குழுவுக்கென ஒரு கணக்குத் திறந்து, பாஸ்வேர்டை இரண்டு பேராவது வைத்திருங்கள். திறந்த போல்டர் வேண்டாம், போடமட்டும் முடிகிற பெட்டி போதும். வந்ததை ஞாயிறுக்கு ஞாயிறு இறக்கி, ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் இன்னொன்று என்று வையுங்கள். இறக்கின கையோடு கோப்பின் பெயரை மாற்றுங்கள்: ஆண்டு, இடம், தந்தவர். வேலை முடிந்ததும் போல்டரைப் பூட்டிவிட்டுப் போகாமல், தந்தவரின் சம்மதத்தோடு நூலகம் மாதிரி ஒரு இடத்துக்கு ஒப்படையுங்கள். குழுக்கள் கலையும், அது இயல்பு. சேர்த்தது கலையக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, போங்கள். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு என்ன தூரம்? 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்கம் இருக்கு, கொட்டாஞ்சேனையில் கோயில் மண்டபங்களும் தேவாலய மண்டபங்களும் இருக்கு. ஒரு சனிக்கிழமை கேட்டு வாங்கி, ஒரு ஸ்கேனரும் ஒரு லப்டொப்பும் இரண்டு பேரும் போய் இருங்கள். படத்தோடு வருகிறவருக்கு ஒரு கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, 'இவர் ஆர்?' எண்டு ஒவ்வொரு முகமாகக் கேளுங்கள். படத்தை அவர் கண்முன்னே ஸ்கேன் செய்து கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு பிரதியைப் பேரனின் போனிலும் போட்டுவிடுங்கள். வர முடியாதவரின் வீட்டுக்குப் போங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு லிங்க் அனுப்புங்கள், அதுக்குத்தான் லிங்க்.

அன்ரி இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார். போன மாதம் போனபோது அந்தச் சின்ன வட்ஸ்அப் படத்தை லப்டொப்பில் பெரிதாக்கிக் காட்டினேன். முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பதினேழு பெயர் எழுதினேன். மூன்று பெயர் வரவில்லை. "அவரு இருந்திருந்தா சொல்லியிருப்பாரு" என்றார்.

அந்தப் பதினேழு பெயரும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று தாளில், அன்ரியின் சாமிப்படத் தட்டில்.